செங்கல்பட்டு ரயில் முதல் 1930 வரை

1990 வாக்கில் அம்பத்தூர் ஓ.டி. பக்கம் தவணைக்கு வாங்கிய கிரைண்டர் மூன்றாம் மாதமே நின்றுபோனால், வாங்கியவர் முதலில் போவது அதே கடைக்குத்தான். "கம்பெனி ஆளு வருவாரு சார், அட்ரஸ் எழுதிக் கொடுத்துட்டுப் போங்க" என்பார் கடைக்காரர். ஆள் வரமாட்டார். நாலைந்து தடவை அலைந்த பிறகு, கடைக்காரருக்குத் தெரிந்த பெரியவர் யாரையாவது கூட்டிக்கொண்டு போய்ப் பேசிப் பார்ப்பார். அதிலும் நடக்கவில்லை என்றால் காவல் நிலையம். அங்கே "இது சிவில் மேட்டர்ங்க, கோர்ட்டுக்குப் போங்க" என்று ஒரே பதில். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஷிப்ட் பார்க்கிறவருக்குக் கோர்ட்டுக்குப் போக நேரம் ஏது? பெரும்பாலான வீடுகளில் கதை அதோடு முடிந்தது. கிரைண்டர் மூலையில் கிடக்கும், தவணை மட்டும் மாதாமாதம் போய்க்கொண்டிருக்கும்.

சட்டம் இல்லாமல் இல்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986 டிசம்பர் 24 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றுவிட்டது. அந்த நாளைத்தான் இன்றும் தேசிய நுகர்வோர் நாளாக அனுசரிக்கிறோம். வக்கீல் வைக்க வேண்டியதில்லை, வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தால் போதும், கட்டணமும் கிடையாது என்பதெல்லாம் அந்தக் காலத்துக்குப் பெரிய புரட்சி. ஒரு லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளை மாவட்ட மன்றமே விசாரிக்கலாம் என்று தொடங்கி, 1993இல் அது ஐந்து லட்சமானது, 2003இல் இருபது லட்சமானது.

அந்த மன்றம் இருந்த இடம்தான் நம் பக்கத்து மக்களைத் தோற்கடித்தது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றும் அப்போது பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தன. அம்பத்தூர்க்காரர் ஒரு கிரைண்டருக்காக மின்சார ரயிலில் சென்ட்ரல் போய், ரோட்டைக் கடந்து பார்க் ஸ்டேஷனில் இன்னொரு ரயிலைப் பிடித்து, செங்கல்பட்டில் இறங்க வேண்டும். பூந்தமல்லிக்காரருக்கு அந்த ரயிலும் இல்லை. தாம்பரம் வரை பஸ், அங்கிருந்துதான் மற்றது. ஒரு வாய்தாவுக்கு ஒரு நாள் கூலி போகும். எதிர்த்தரப்பு வரவில்லை என்று தள்ளி வைத்தால் இன்னொரு நாள் கூலியும் போகும். போதாததற்கு, எதிர்த்தரப்பின் ஊரில் அல்லது பிரச்சினை எழுந்த இடத்தில்தான் வழக்குப் போட முடியும் என்று அந்தச் சட்டம் சொன்னது. பொருளை விற்றவர் வேறு மாவட்டத்தில் இருந்தால் அங்கேதான் போகவேண்டும். சட்டம் ஏழையின் பக்கம் நின்றது, ஆனால் ஏழையின் ஊர்ப்பக்கம் வரவில்லை.

இந்த இடைவெளியை ஓரளவு நிரப்பியவர்கள் மனிதர்கள். 1985இல், அதாவது சட்டம் வருவதற்கு ஓராண்டு முன்பே, சென்னையில் கன்ஸ்யூமர் ஆக்‌ஷன் குரூப் தொடங்கப்பட்டுவிட்டது. இன்று சிஏஜி என்று அறியப்படும் அமைப்பு அதுதான். அதைப் பார்த்தும் பார்க்காமலும் புறநகர்களில் சின்னச் சின்ன நுகர்வோர் சங்கங்கள் முளைத்தன. ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர், பள்ளி ஆசிரியர், தொழிற்சங்கத்தில் பழகியவர் என்று மனு எழுதத் தெரிந்த ஒருவர் பல தெருக்களில் இருந்தார். "பில்லை பத்திரமா வச்சிருக்கியா?" என்று முதலில் கேட்பவர் அவர்தான். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் மூன்று பிரதி அடித்து வாங்கி, பதிவுத்தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டையை நூலில் கோத்து வைக்கச் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். அவர்களுடைய பெயர் எந்த வரலாற்றிலும் இல்லை. நியாயமாகப் பார்த்தால் இருந்திருக்க வேண்டும்.

1997இல் திருவள்ளூர் தனி மாவட்டமானதும் தூரம் குறைந்தது. ஆவடியில் ஏறினால் பட்டாபிராம், திருநின்றவூர், வேப்பம்பட்டு, புட்லூர் என்று ஒரே ரயிலில் திருவள்ளூர். பிறகு எல்லைகள் மறுபடியும் மாறின. 2011இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. 2018இல் சென்னை மாவட்டத்துக்குள்ளும் வந்துவிட்டது. ஆவடி 2019இல் தனி மாநகராட்சியானது, ஆனால் மாவட்டம் திருவள்ளூர்தான். எனவே அம்பத்தூரையும் திருமுல்லைவாயிலையும் ஒட்டி வாழும் இரண்டு குடும்பங்கள் ஒரே கடையில் ஏமாந்தாலும், ஒருவருக்குச் சென்னை, மற்றவருக்குத் திருவள்ளூர். இதைத் தெரிந்துகொள்ளாமல் தப்பான அலுவலகத்தில் போய் நிற்பவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது 2020 ஜூலை 20 அன்று நடைமுறைக்கு வந்த புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். மன்றம் ஆணையமானது. அதைவிட முக்கியம், புகார் கொடுப்பவர் தான் குடியிருக்கும் ஊரில் அல்லது வேலை பார்க்கும் ஊரில் வழக்குப் போடலாம் என்ற ஒரு வரி. டெல்லியில் அலுவலகம் வைத்திருக்கும் நிறுவனத்தைத் திருவள்ளூருக்கு வரவழைக்கும் உரிமை அந்த ஒரு வரியில் இருக்கிறது. ஐம்பது லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கியவை மாவட்ட ஆணையத்துக்கு உட்பட்டவை. ஐந்து லட்சம் வரை கட்டணமே இல்லை. பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். எதிர்த்தரப்பு முப்பது நாளில் பதில் தர வேண்டும், ஆணையம் மனது வைத்தால் இன்னும் பதினைந்து நாள் கிடைக்கும். அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வே சொல்லிவிட்டது. காணொலியில் ஆஜராகவும் கேட்கலாம். 2025 முதல் இ-ஜாக்ரிதி என்ற இணையதளத்தில் வீட்டிலிருந்தே மனு தாக்கல் செய்யலாம்.

இந்த வசதிகளெல்லாம் ஏட்டில்தான் என்று நினைப்பவர்களுக்குத் திருவள்ளூர் ஆணையமே ஒரு பதில் வைத்திருக்கிறது. 2021 டிசம்பரில் மணலியில் ஒருவர் தெரு விலங்குகளுக்குப் போடுவதற்காகச் சன்ஃபீஸ்ட் மேரி லைட் பிஸ்கட் வாங்கினார். உறையில் 16 என்று போட்டிருந்தது, உள்ளே 15 இருந்தன. ஒரு பிஸ்கட்டின் விலை 75 பைசா. கடையிலும் நிறுவனத்திடமும் கேட்டார், சரியான பதில் வரவில்லை. திருவள்ளூர் ஆணையத்துக்குப் போனார். நாங்கள் எடைக்குத்தான் விற்கிறோம், எண்ணிக்கைக்கு அல்ல என்று ஐடிசி நிறுவனம் வாதாடியது. உறையில் 76 கிராம் என்று இருந்தது. நிறுத்துப் பார்த்தால் 74 கிராம். பொட்டலமிட்ட பொருளில் சில கிராம் முன்பின் இருக்க விதி இடம் தருகிறது என்றது நிறுவனம். அந்தச் சலுகை காற்றில் குறையும் தன்மையுள்ள பொருளுக்குத்தான், பிஸ்கட்டுக்குப் பொருந்தாது என்றது ஆணையம். 2023இல் வந்த தீர்ப்பில் ஒரு லட்சம் ரூபாய் இழப்பீடும், செலவுத் தொகை பத்தாயிரமும் கொடுக்க உத்தரவானது.

ஒரு பிஸ்கட்டுக்கா இத்தனை பாடு என்று அப்போது சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாள்தோறும் லட்சக்கணக்கில் விற்கும் பொட்டலத்தில் ஒன்று குறைந்தால் அது யாருடைய பணம்? அந்த மனிதர் செய்தது எல்லாரும் செய்யக்கூடிய காரியம். எண்ணினார், உறையைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தார், கேட்டார், பதில் இல்லையென்றதும் எழுதிக் கொடுத்தார். 1990இல் இதே மனிதர் எண்ணியிருப்பார், அதற்கு மேல் போக எளிதான வழி இருந்திருக்காது.

பொருள் வாங்கி ஏமாறுவது ஒரு வகை. பணத்தையே கொடுத்து ஏமாறுவதுதான் இந்தப் பகுதியை அதிகம் அழவைத்தது. ஆவடி டேங்க் ஃபேக்டரி, படைத்துறை ஆடைத் தொழிற்சாலை, அம்பத்தூர் எஸ்டேட், டன்லப், டிஐ சைக்கிள் என்று மாதச் சம்பளமும் ஓய்வின்போது மொத்தத் தொகையும் வாங்கும் மக்கள் வாழ்ந்த ஊர்கள் இவை. மொத்தத் தொகை எங்கே இருக்கிறது என்று மோப்பம் பிடிப்பவர்கள் எப்போதும் உண்டு. 1990களில் தமிழ்நாடு முழுக்கப் பைனான்ஸ் கம்பெனிகள் 24, 30, 36 சதவீத வட்டி என்று பலகை மாட்டின. வங்கியில் வேலை பார்ப்பவர்களே அங்கே போட்டார்கள். அனுபவ் நிறுவனம் தேக்கு மரத்தைக் காட்டிப் பணம் திரட்டி 1998இல் சரிந்தது. அதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு கம்பெனியாகக் கதவைச் சாத்தின. "கம்பெனி ஓடிப்போச்சு" என்பது அந்த நாளில் தெருவுக்குத் தெரு கேட்ட பேச்சு.

அந்த அழுகையிலிருந்துதான் 1997இல் தமிழ்நாடு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. ஏமாற்றிய நிறுவனத்தின் சொத்தை முடக்கி, ஏலம் விட்டு, பணம் போட்டவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் அதிகாரத்தைத் தந்த சட்டம் அது. பிற மாநிலங்களுக்கு முன்மாதிரியும் அதுதான். 2000இல் பொருளாதாரக் குற்றப்பிரிவு தனியாக அமைந்தது. ஆனால் ஏலப் பணம் வந்து சேர ஆண்டுக்கணக்கானது. பத்திரத்தைப் பீரோவில் வைத்துவிட்டு இறந்துபோனவர்கள் உண்டு. கிடைத்தது போட்டதில் ஒரு பகுதிதான்.

இதில் வேதனை என்னவென்றால், பாடம் அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேரவில்லை. 2022 மே மாதம் அமைந்தகரையில் இயங்கிய ஆருத்ரா கோல்டு டிரேடிங் நிறுவனத்தில் சோதனை நடந்தது. மாதத்துக்கு 25 முதல் 30 சதவீதம் தருவதாகச் சொல்லி, ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களிடம் சுமார் 2,438 கோடி ரூபாய் திரட்டியது என்பது காவல்துறை சொன்ன கணக்கு. 1996இல் அப்பா ஆண்டுக்கு 36 சதவீதத்துக்கு மயங்கினார். 2021இல் பிள்ளை கிட்டத்தட்ட அதே அளவை மாதத்துக்கே தருகிறோம் என்றதற்கு மயங்கினான். கட்டுப்பாடற்ற வைப்புத் திட்டங்களைத் தடை செய்யும் மத்தியச் சட்டம் 2019இலேயே வந்துவிட்டது என்பது பிள்ளைக்குத் தெரியாது.

தெருச் சீட்டின் கதை வேறு. சீட்டு பிடிக்கும் அக்கா பக்கத்து வீட்டில் இருக்கிறார், கல்யாணத்துக்கு வந்து மொய் எழுதியிருக்கிறார், அவரிடம் ரசீது கேட்பது மரியாதைக் குறைவாகத் தோன்றும். தீபாவளிச் சீட்டு, நகைச் சீட்டு, ஏலச் சீட்டு எல்லாம் இந்த நம்பிக்கையில்தான் ஓடுகின்றன, பெரும்பாலும் ஒழுங்காகவே ஓடுகின்றன. ஓடாதபோது கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தைத் தவிர ஒன்றும் இருப்பதில்லை. 1982ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவுத்துறையில் பதிவு செய்துதான் சீட்டு நடத்தவேண்டும். சேர்வதற்கு முன் "பதிவு எண் என்னக்கா?" என்று கேட்பதில் ஒரு தவறும் இல்லை.

புகார் கொடுக்கும் இடத்திலும் மாற்றம் வந்திருக்கிறது. 2022 ஜனவரி 1 முதல் ஆவடிக்குத் தனிக் காவல் ஆணையரகம். அதற்கு முந்தைய பத்தாண்டில் பெரிய தொகை மோசடி என்றால் அம்பத்தூர்க்காரரும் பூந்தமல்லிக்காரரும் நகரத்துக்குள் ஆணையர் அலுவலகம் தேடிப் போனார்கள், முதலில் எழும்பூருக்கு, 2013க்குப் பிறகு வேப்பேரிக்கு. இப்போது மத்தியக் குற்றப்பிரிவும் சைபர் குற்றப்பிரிவும் ஆவடியிலேயே இருக்கின்றன. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, எல்லை எங்களுடையது அல்ல என்று எந்த நிலையமும் திருப்பி அனுப்ப முடியாது. எங்கே நடந்த குற்றமானாலும் பதிவு செய்துதான் அனுப்ப வேண்டும்.

இத்தனை வழி திறந்த காலத்தில்தான் ஏமாற்றுகிறவன் முகத்தை மறைத்துக்கொண்டான். 1996இல் ஓடிப்போன கம்பெனிக்கு ஒரு பலகை இருந்தது, மேனேஜர் இருந்தார், அவர் வீட்டுக்கு முன்னால் போய் உட்கார்ந்து கத்தலாம். இன்று டெலிகிராமில் பகுதி நேர வேலை தருகிறேன் என்று சொல்லி முதலில் 150 ரூபாய் அனுப்பி ஆசை காட்டி, பிறகு மூன்று லட்சத்தைக் கறந்தவன் எந்த நாட்டில் இருக்கிறான் என்றே தெரியாது. "இன்று இரவு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும்" என்று செய்தி வரும். மஞ்சள், சிவப்பு நிறத்தில் ஒரு கல்யாணப் பத்திரிகை கோப்பாக வரும், தொட்டால் போன் அவன் கையில். சீருடை போட்டுக்கொண்டு வீடியோவில் வந்து, உங்கள் ஆதாரில் போதைப்பொருள் பார்சல் வந்திருக்கிறது, டிஜிட்டல் கைது செய்கிறேன், அறையை விட்டு வெளியே வராதே என்பான். டிஜிட்டல் கைது என்று இந்தியச் சட்டத்தில் ஒன்றுமே கிடையாது. எந்தப் போலீசும் வீடியோ அழைப்பில் கைது செய்யமாட்டார், எந்த நீதிபதியும் பணத்தைச் சரிபார்க்க அனுப்பு என்று சொல்லமாட்டார். இதை வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு ஒரு தடவை சொன்னால் போதாது, மாதத்துக்கு ஒரு தடவை சொல்ல வேண்டும்.

பணம் போய்விட்டால் அடிக்க வேண்டிய எண் 1930. இது 2021இல் 155260 என்ற எண்ணில் தொடங்கி, அடுத்த ஆண்டு 1930 ஆனது. இது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால்தான் அவசரம் புரியும். நீங்கள் சொல்லும் பரிவர்த்தனை எண்ணை அங்கே உள்ளவர் கணினியில் ஏற்றியதும், பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குத் தகவல் போகிறது. பணம் இன்னும் அங்கேயே இருந்தால் வங்கி அதை நிறுத்தி வைக்கிறது. அடுத்த வங்கிக்குத் தாவியிருந்தால் தகவலும் அடுத்த வங்கிக்குத் தாவுகிறது. யாராவது ஏடிஎம்மில் எடுத்துவிட்டால் துரத்தல் முடிந்தது. ஆகவே முதல் ஒரு மணி நேரம்தான் எல்லாம். பிறகு இருபத்துநாலு மணி நேரத்துக்குள் தேசியச் சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் முழுப் புகாரையும் பதிய வேண்டும். நிறுத்தி வைக்கப்பட்ட பெரிய தொகையைத் திரும்ப வாங்கப் பெரும்பாலும் நீதிமன்ற உத்தரவு பெற வேண்டியிருக்கும். நாள் ஆகும், ஆனால் வரும்.

வங்கிக்கும் அதே நேரத்தில் எழுத வேண்டும். உங்கள் தவறு இல்லாமல் கணக்கிலிருந்து பணம் போயிருந்து, தகவல் கிடைத்த மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் முழு நஷ்டத்தையும் வங்கி ஏற்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் பிறப்பித்த விதி. ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால் அதுவரை போனது உங்களுடைய நஷ்டம். ஆனால் புகார் செய்த பிறகு போகும் ஒவ்வொரு ரூபாய்க்கும் வங்கியே பொறுப்பு. வங்கி முப்பது நாளில் பதில் சொல்லவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், அதற்குக் கட்டணம் இல்லை, விவரம் கேட்க 14448.

இந்தக் காலத்துக்கென்று ஒரு புதுத் துன்பமும் முளைத்திருக்கிறது. மோசடிப் பணம் கைமாறி வந்தது தெரியாமல் டீக்கடைக்காரர் ஒருவரின் கணக்குக்கு நூறு ரூபாய் வந்திருக்கும். எங்கோ வடமாநிலப் போலீஸ் அந்தக் கணக்கையே முடக்கிவிடும். கல்லூரிப் பிள்ளைகள் சிலர் தங்கள் கணக்கையும் ஏடிஎம் அட்டையையும் சில ஆயிரத்துக்கு வாடகைக்கு விடுகிறார்கள். அது குற்றத்துக்குத் துணை போவது, கைது வரை போகும். பெற்றோர் இதைக் கண்டிப்போடு சொல்ல வேண்டும்.

மற்ற கதவுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எந்தப் பொருள், எந்தச் சேவை என்றாலும் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். வழக்குக்கு முன்னால் நிறுவனத்தோடு பேசித் தீர்த்து வைக்கப் பார்ப்பார்கள், பல சில்லறைப் பிரச்சினைகள் அங்கேயே முடிந்துவிடும். மின்சாரத்துக்கு மின்னகம், 94987 94987. ரேஷனுக்கு 1967. பூந்தமல்லி, திருமழிசை, பட்டாபிராம் பக்கம் வீடோ மனையோ வாங்கிவிட்டுக் கட்டுநரிடம் மாட்டிக்கொண்டால் 2017 முதல் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம் இருக்கிறது. பெட்ரோல் பங்கில் அளவு சந்தேகமாக இருந்தால் ஐந்து லிட்டர் அளவுக் குவளையைக் கேட்டு அளந்து பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. இணையத்தில் விற்கும் நிறுவனம் புகாரை நாற்பத்தெட்டு மணி நேரத்தில் ஏற்று, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும்.

எண்கள் இத்தனை வந்த பிறகும், ஏமாந்தவர் முதல் இரண்டு நாளை வெட்கத்திலேயே கழிக்கிறார். பிள்ளைகளுக்குத் தெரிந்தால் திட்டுவார்கள் என்று அப்பா மறைக்கிறார். கணவருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று அம்மா மறைக்கிறார். அந்த இரண்டு நாளில் பணம் நாலு கணக்கு தாண்டிவிடுகிறது. பழைய தெருவில் மனு எழுதத் தெரிந்த பெரியவர் செய்த முக்கியமான வேலை மனு எழுதியது அல்ல, "அட, விடுய்யா, யாருக்குத்தான் நடக்கல" என்று சொல்லி உட்காரவைத்ததுதான். அவரைத்தான் நாம் இழந்துவிட்டோம். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் சங்கம் இருக்கிறது, வாட்ஸ்அப் குழு இருக்கிறது, தண்ணீர் லாரி எப்போது வரும் என்று அங்கே தெரியும், 1930 எதற்கு என்று தெரியாது. தமிழ்நாட்டுப் பள்ளி, கல்லூரிகளில் குடிமக்கள் நுகர்வோர் மன்றங்கள் இருக்கின்றன. விளம்பரப் போட்டி, உறுதிமொழி என்று நிறுத்திக்கொள்ளாமல், அந்தப் பிள்ளைகளை மாதத்தில் ஒரு சனிக்கிழமை ரேஷன் கடை வாசலில் மனு எழுதித் தர உட்கார வைத்தால் என்ன?

அரசிடம் கேட்க ஒன்று உண்டு. ஒரு மாவட்டத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட ஆணையங்களை மாநில அரசு அமைக்கலாம் என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவு அனுமதிக்கிறது. ஒரு மாநகராட்சியும் ஒரு காவல் ஆணையரகமும் வைத்திருக்கும் ஆவடியில், அல்லது நீதிமன்றங்கள் ஏற்கெனவே இயங்கும் பூந்தமல்லியில், இரண்டாவது நுகர்வோர் ஆணையம் ஒன்றை அமைக்க வேண்டும். அதுவரை நீங்கள் செய்யக்கூடியது, இதைப் படித்து முடித்தவுடன் வீட்டில் உள்ள ஒவ்வொருவர் போனிலும் 1930, 1915 என்ற இரண்டு எண்களையும் தமிழில் பெயர் எழுதிச் சேமித்து வைப்பது. பணம் போய்விட்டது என்று யாராவது வந்து சொன்னால் திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள், முதலில் போனை எடுங்கள்.